வக்கீல் வருமானம் நியாயமானதா? கேள்விகளும் பதில்களும்

கும்பகோணத்தில் 21 ஆண்டுகளாக சிவில் வழக்குகளும் விபத்து இழப்பீட்டு வழக்குகளும் நடத்தி வருகிறேன். டாக்டர், ஆடிட்டர், இன்ஜினியரோடு ஒப்பிட்டால் வக்கீலுக்குக் கிடைப்பது கூடுதலா, குறைவா என்பதுதான் இன்றைய பேச்சு. உங்கள் சொந்த வழக்குக்கு இங்கே ஆலோசனை கேட்காதீர்கள். பத்திரங்களைப் பார்க்காமல் நான் ஏதாவது சொல்லப்போய், நஷ்டம் உங்களுக்கு ஆகிவிடும்.

வங்கி ஊழியர் ஒருவர்: பாகப்பிரிவினை வழக்குக்கு வக்கீல் 60,000 ரூபாய் கேட்கிறார். எங்கள் தெரு டாக்டர் 300 ரூபாய்தான் வாங்குகிறார். வக்கீல்களுக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

டாக்டரின் 300 ரூபாய் ஒரு தடவை பார்ப்பதற்கு. வக்கீல் கேட்பது வழக்கு முடியும் வரைக்கும். நான் நடத்திய ஒரு பாகப்பிரிவினை வழக்கையே சொல்கிறேன். 2016-ல் தாக்கல் செய்தோம், யாருக்கு எவ்வளவு பங்கு என்று சொல்லும் முதல்நிலைத் தீர்ப்பு 2023-ல் வந்தது. பேசிய பீஸ் 45,000. டைரியை எடுத்து எண்ணிப் பார்த்தேன், 84 வாய்தா. அதாவது ஒரு வாய்தாவுக்கு 535 ரூபாய் சொச்சம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று எல்லாவற்றையும் படித்து பிராது தயாரித்தது, மூன்று சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தது, வாதம் எல்லாம் அதற்குள்தான். குமாஸ்தா சம்பளமும் அலுவலக வாடகையும் அதிலிருந்துதான் போக வேண்டும். அந்த ஏழு வருடத்தில் டாக்டர் பீஸ் ஏறியது, ஆட்டோ கட்டணம் ஏறியது. 2016-ல் பேசிய தொகையை நான் ஏற்றவில்லை, ஏற்றவும் முடியாது.

அதற்காக உங்கள் வக்கீல் கேட்கும் 60,000 நியாயம் என்று நான் சொல்லவில்லை. அதில் என்னென்ன அடக்கம் என்று கேளுங்கள். அந்தப் பங்கைப் பிரித்துத் தரக் கேட்கும் இறுதித் தீர்ப்பு மனுவும் சேர்த்தா? அப்பீல் தனியா? டைப்பிங், நகல் செலவு யாருடையது? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். கொடுக்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வாங்குங்கள். கோர்ட் பீஸ் வேறு, வக்கீல் பீஸ் வேறு என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சொத்து மதிப்பை வைத்து கோர்ட் பீஸ் கணக்கிடப்படும் வழக்குகளில் முன்பு 7.5 சதவீதமாக இருந்ததைத் தமிழ்நாட்டில் 2017-ல் 3 சதவீதமாகக் குறைத்தார்கள். அது அரசுக்குப் போகிற பணம்.

மென்பொருள் துறையில் இருப்பவர்: டெல்லியில் பெரிய வக்கீல்கள் ஒரு தடவை ஆஜராக லட்சக்கணக்கில் வாங்குகிறார்களே. அப்புறம் எப்படி வக்கீல்களுக்கு வருமானம் குறைவு என்கிறீர்கள்?

இரண்டும் உண்மைதான். உச்ச நீதிமன்ற நீதிபதியின் மாதச் சம்பளம் 2,50,000 ரூபாய். அதைவிடக் கூடுதலாக ஒரே நாளில் வாங்கும் மூத்த வழக்கறிஞர்கள் அவர் முன்னால் நின்று வாதாடுகிறார்கள். அதே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் ஒரு ஜாமீன் மனுவுக்காகக் காலையிலிருந்து காத்திருப்பவரும் வக்கீல்தான். இவர்களைக் கூட்டி சராசரி போட்டால் கிடைக்கும் தொகை யாருடைய வருமானமாகவும் இருக்காது.

மற்ற தொழில்களிலும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் அங்கே காலுக்குக் கீழே ஒரு தரை இருக்கிறது. ஹவுஸ் சர்ஜனுக்கு உதவித்தொகை உண்டு. ஆடிட்டரிடம் பயிற்சி பெறுபவருக்கு, சிறிய தொகைதான் என்றாலும், அவர்கள் விதியிலேயே குறைந்தபட்சம் இருக்கிறது. வழக்கறிஞர்கள் சட்டம் வந்தது 1961-ல். தொழில் பழகுநர் சட்டம் வந்ததும் அதே 1961-ல்தான். தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை பழகும் பையனுக்கு உதவித்தொகை கொடுத்தாக வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஐந்து வருடம் சட்டம் படித்துவிட்டு சீனியரிடம் சேரும் பெண்ணுக்கு வழக்கறிஞர்கள் சட்டத்தில் அப்படி ஒரு வரிகூட இல்லை. இந்தத் தொழிலின் அநியாயம் எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் காட்டும் இடம் இதுதான்.

சட்டக் கல்லூரி மாணவி, நான்காம் ஆண்டு: ஜூனியருக்கு 20,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்ததே, அது நடைமுறையில் இருக்கிறதா மேடம்?

2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது அது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பும்படி வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. அதே வருடம் அக்டோபரில் அகில இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கு 20,000, கிராமப்புறத்துக்கு 15,000 என்றது. ஆனால் அது பரிந்துரை, கட்டாயம் இல்லை.

நடைமுறையைக் கேட்டால், கொடுப்பவர்கள் கொடுக்கிறார்கள். இன்றும் 3,000, 5,000 என்று கொடுக்கும் அலுவலகங்கள் எனக்குத் தெரியும். ஒன்றுமே கொடுக்காமல் "தொழில் கற்றுக்கொடுக்கிறேனே, போதாதா" என்பவர்களும் உண்டு. நான் சேர்ந்தபோது என் முதல் சீனியர் மாதம் 1,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். எட்டு மாதத்தில் மூன்று முறைதான் வந்தது. பஸ்ஸுக்கு அப்பாவிடம் காசு கேட்க வெட்கப்பட்டு, மதியம் சாப்பிடாமல் இருந்த நாட்கள் உண்டு. என்னோடு பதிவு செய்த ஏழு பெண்களில் இன்று கோர்ட்டுக்கு வருவது இரண்டு பேர். மற்றவர்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். வீட்டில் மூன்று வருடம் தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாததால்தான் போனார்கள். தாங்கிப் பிடிக்கச் சொத்து இருக்கிறவர் மட்டும் நிலைக்கிற தொழிலாக இது ஆகிவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சீனியர்கள் பக்கமும் சொல்ல வேண்டும். மேலே சொன்ன 535 ரூபாய் கணக்கில் ஓடும் ஒரு சின்ன ஊர் அலுவலகம் 15,000 கொடுக்கச் சிரமப்படும். கட்டாயமாக்கினால் அவர்கள் ஜூனியரே வேண்டாம் என்பார்கள். அதனால் அரசும் பங்கெடுக்க வேண்டும். ஆந்திராவில் 2019-ல் இளம் வழக்கறிஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய்த் திட்டம் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் 2020-ல் இரண்டு வருடத்துக்கு மாதம் 3,000 என்று அறிவித்தார்கள். 3,000 போதாது, ஆனால் திசை சரி.

உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: பதிவுக் கட்டணம் என்று பார் கவுன்சில்கள் பத்தாயிரக்கணக்கில் வசூலித்ததை உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் நிறுத்தியது. இப்போது 750 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125.

பெயர் சொல்ல விரும்பாதவர்: என் நிலத்தில் பக்கத்து வீட்டுக்காரர் வேலி போட்டுவிட்டார்...

இது இங்கே வேண்டாம். உங்கள் ஊர் வக்கீலைப் பாருங்கள். பணம் இல்லையென்றால் 15100-க்கு போன் செய்யுங்கள், சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பே கிடையாது.

ஒரு வாசகர்: விவாகரத்துக்கு எவ்வளவு ஆகும்?

இருவரும் சம்மதித்தால் ஒரு தொகை, எதிர்த்தால் வேறு. இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பாருங்கள், பேசியதை எழுதி வாங்குங்கள்.

அண்ணனை விபத்தில் இழந்தவர்: இழப்பீட்டில் 20 சதவீதம் வக்கீலுக்கு என்று பேசியிருக்கிறார்கள். இது சரியா?

சரியில்லை. வழக்கில் கிடைப்பதில் பங்கு கேட்பதை பார் கவுன்சில் விதி தடுக்கிறது. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பார்த்த தெலங்கானா வழக்கு ஒன்று உண்டு. விபத்தில் கணவரை இழந்த பெண். பெரிய தொகை பீஸாகக் கொடுத்த பிறகும் அவரிடம் காசோலையில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அந்தக் காசோலை வங்கியிலிருந்து திரும்பியதும் வக்கீல் அந்தப் பெண்மேலேயே செக் வழக்குப் போட்டார். சதவீதக் கட்டணம் சட்டப்படி வசூலிக்க முடியாதது என்று சொல்லி நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது.

ஆகவே வெற்றுக் காசோலை, வெற்றுத் தாள், எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிப் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.

கட்டடத் தொழிலாளியின் மகன்: அக்கா, இதை நான் ஏற்க மாட்டேன். அப்பா லாரி மோதி கால் போய்ப் படுத்திருந்தபோது வீட்டில் 500 ரூபாய்கூட இல்லை. சதவீதத்துக்கு ஒத்துக்கொண்ட வக்கீல்தான் வழக்கை எடுத்தார், சொந்தக் காசில் நடத்தினார். முன்பணம் கேட்டிருந்தால் எங்களுக்கு வழக்கே இல்லை.

தம்பி, உங்கள் வார்த்தையில் உண்மை இருக்கிறது. விதியை எழுதியவர்கள் உங்கள் வீட்டை நினைத்துப் பார்க்கவில்லை. ஆனால் அந்த வக்கீல் எவ்வளவு எடுத்துக்கொண்டார்?

அவரே: 9 லட்சம் வந்தது. 2 லட்சத்து 25 ஆயிரம் அவருக்கு.

அது 25 சதவீதம். அந்தப் பணம் அப்பாவின் இனி வராத கூலி. மருத்துவச் செலவு, வருமான இழப்பு, கூட இருந்து பார்த்துக்கொள்ளும் ஆளுக்கான செலவு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டுத்தான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் அந்தத் தொகையைத் தருகிறது. வக்கீலுக்கு நாலில் ஒரு பங்கு என்று அதில் தலைப்பு கிடையாது. காப்பீடு சரியாக இருக்கிற வழக்கில் ஏதோ ஒரு தொகை நிச்சயம் வரும் என்று எங்களுக்கு முதல் நாளே தெரியும். உங்களுக்குத் தெரியாது. அந்த அறியாமைக்கு விலை போடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

சக வழக்கறிஞர் ஒருவர்: மேடம், அமெரிக்காவில் மூன்றில் ஒரு பங்கு வாங்குகிறார்கள், அது சட்டப்படி சரி. இங்கிலாந்திலேயே ஜெயித்தால்தான் பீஸ் என்பதை 1990-களில் அனுமதித்துவிட்டார்கள். இங்கே மட்டும் தடை போட்டு என்ன ஆனது? எல்லோரும் மறைவாக வாங்குகிறார்கள்.

கடைசி வரி உண்மை, அதனால்தான் இதில் நான் முழுதாக ஒரு பக்கம் நிற்கவில்லை. மறைவாக வாங்குவதால் உச்சவரம்பு இல்லை, ரசீது இல்லை, கேட்க ஆள் இல்லை. நான் வாங்கும் முறை இது: தாக்கலின்போது ஒன்றும் வாங்குவதில்லை. தீர்ப்பு எப்படி வந்தாலும் எனக்கு இவ்வளவு என்று ஒரு நிலையான தொகையை முதல் நாளே எழுதி, ஒரு பிரதி என்னிடம் வழக்கைக் கொடுத்த கட்சிக்காரர் கையில் கொடுத்துவிடுகிறேன். இழப்பீடு அவர் கணக்குக்கு வந்த பிறகு கொடுக்கலாம். தோற்றாலும் அந்தத் தொகை பாக்கிதான், ஆனால் அதற்காக யாரையும் நான் துரத்தியதில்லை. தம்பி சொன்ன பிரச்சினையும் தீர்கிறது, விதியும் மீறப்படவில்லை.

அதே வழக்கறிஞர்: அப்படிச் செய்தால் அலுவலகம் எப்படி ஓடும்? தோற்ற வழக்கின் செலவை ஜெயித்த வழக்குதானே ஈடுகட்ட வேண்டும்?

ஓடுகிறது, சார். சில மாதம் இழுத்துப் பிடித்துத்தான். ஒரு வழக்கின் நஷ்டத்தை இன்னொரு விதவையின் பணத்தில் ஈடுகட்டுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. சதவீதத்தை அனுமதிப்பதானால் 10-க்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு போட்டு, ஒப்பந்தத்தைத் தீர்ப்பாயத்தின் பார்வைக்கு வைக்கச் சட்டம் கொண்டுவரட்டும். அப்போது நானே ஆதரிப்பேன். அது வரை விதி விதிதான்.

தம்பி, உங்களுக்கு ஒன்று: எங்கள் விபத்துக்கும் இதே மாதிரி செய்யலாமா என்று கேட்டு வருபவர்களிடம் முதலில் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள். 2022 ஏப்ரலிலிருந்து, விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

இன்னொரு வாசகர்: செக் மோசடி வழக்குக்கு எவ்வளவு பீஸ்?

மற்றொருவர்: பட்டா மாற்ற வக்கீல் எவ்வளவு வாங்கலாம்?

இருவருக்கும் சேர்த்தே சொல்கிறேன். அரசு நிர்ணயித்த விலைப் பட்டியல் எங்கள் தொழிலில் இல்லை. தன் தகுதிக்கும் வழக்கின் தன்மைக்கும் ஏற்ற பீஸ் என்றுதான் விதி சொல்கிறது. தொகை கேட்டு வரும் கேள்விகளை இனி எடுக்க மாட்டேன். எழுதி வாங்குங்கள், ரசீது வாங்குங்கள்.

ஒரு மருத்துவர்: எங்கள்மேல் நுகர்வோர் வழக்குப் போடலாம், உங்கள்மேல் போட முடியாது. வருமானத்தை ஒப்பிடும்போது இதையும் சேர்க்க வேண்டாமா?

சேர்க்கத்தான் வேண்டும். 1995 தீர்ப்பிலிருந்து மருத்துவர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் இருக்கிறீர்கள். வக்கீல்கள் அதற்குள் வர மாட்டார்கள் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்களுக்கு இருக்கும் காப்பீட்டுச் செலவும் பயமும் எங்களுக்கு இல்லை. கட்சிக்காரர் சொல்படி நடக்க வேண்டியவர் வக்கீல் என்பது தீர்ப்பின் காரணங்களில் ஒன்று. அந்த வேறுபாடு எனக்குப் புரிகிறது. ஆனால் வாய்தாவுக்குப் போகாமல் வழக்கைத் தள்ளுபடியாக விட்டவரிடம் கட்சிக்காரர் நஷ்டம் கேட்க எளிய வழி இல்லாதது குறைதான். பார் கவுன்சிலில் புகார் கொடுத்தால் நடவடிக்கை வரலாம், போன பணம் வராது.

ஒரு விவசாயி: பாக்கி பீஸ் கொடுத்தால்தான் கேஸ் கட்டைத் தருவேன் என்கிறார் பழைய வக்கீல்.

அப்படிப் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை ஐயா. 2000-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாக்கி உண்மையென்றால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலிக்கட்டும், அதற்கு 1926-லிருந்தே சட்டம் இருக்கிறது. எழுத்தில் கட்டைக் கேளுங்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது வைத்திருக்கிறீர்களா?

முன்பு கேட்ட சட்டக் கல்லூரி மாணவி: கடைசியாக ஒன்று மேடம். இவ்வளவும் கேட்ட பிறகு வீட்டில் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். நான் என்ன செய்ய?

வங்கித் தேர்வு எழுதுவதில் தப்பில்லை அம்மா, முதல் மாதத்திலிருந்தே சம்பளம் வரும். கோர்ட்தான் வேண்டும் என்றால், சேரும் முன் சீனியரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில்? சாட்சி விசாரணையை எப்போது என் கையில் கொடுப்பீர்கள்? சொந்தமாக வழக்கு எடுக்க விடுவீர்களா? முகம் சுளிப்பவரிடம் சேர வேண்டாம். நீதிபதி ஆகும் எண்ணம் இருந்தாலும் இப்போது மூன்று வருடம் தொழில் செய்திருக்க வேண்டும், 2025 மே மாதத் தீர்ப்பு அது. சிவில் நீதிபதியின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 77,840 ரூபாய்.

என் ஜூனியர் ஒருவர் அந்தத் தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். அடுத்த வருடம் அவர் இடம் காலியாகும். பதிவு செய்ததும் வந்து பாருங்கள். மாதம் 15,000, ஐந்தாம் தேதிக்குள். காலை எட்டரைக்கு அலுவலகம்.