வலிப்பு மாத்திரைச் செலவைக் குறைக்கச் சட்டம் எந்த அளவுக்கு உதவும்?

கேள்வி: என் கணவருக்கு வயது 38. ஆறு ஆண்டுகளாக வலிப்பு நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். காலையும் இரவும் லெவெடிராசிட்டம் 500, இரவில் சோடியம் வால்ப்ரோயேட் சி.ஆர். 500. தனியார் மருத்துவமனையின் மருந்துக்கடையில்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள். விலை குறைந்த வேறு கம்பெனி மாத்திரை கேட்டால் "சீட்டில் உள்ளதைத்தான் தருவோம்" என்கிறார்கள். 10 மாத்திரை கேட்டாலும் முழு அட்டையைத்தான் தருகிறார்கள். இரண்டு பில்களில் அட்டையில் அச்சிட்ட விலைக்கு மேல் வரி என்று தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். அவருக்கு நிலையான வேலை இல்லை. நான் பின்னலாடை நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், மாதச் சம்பளம் ரூ.18,500. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் போகக் கையில் வருவது குறைவு. கடைமேல் வழக்குப் போடலாமா?
- வாசகி, திருப்பூர்

பதில்: நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றில் சட்டம் கடைக்காரர் பக்கம் இருக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம். அது புரிந்தால் மாதச் செலவு எங்கே குறையும் என்பதும் புரிந்துவிடும்.

மருத்துவர் சீட்டின் பேரில் மட்டுமே விற்க வேண்டிய 'அட்டவணை எச்' மருந்துகளில், எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைத் தரக் கடைக்காரருக்கு அனுமதி இல்லை. உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே என்றாலும் தரக்கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் விதி 65(11ஏ) இதைத்தான் சொல்கிறது. சீட்டில் பிராண்டு பெயர் இருந்தால் அந்த பிராண்டுதான். கவுண்டரில் நின்று வாதாடிப் பயனில்லை. மாற்ற வேண்டியது சீட்டை.

மருந்தின் பொதுப் பெயரை, அதாவது ஜெனரிக் பெயரை, தெளிவாக எழுத வேண்டும் என்று மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் பிரிவு 1.5 சொல்கிறது. ஆகவே அடுத்த முறை போகும்போது நரம்பியல் மருத்துவரிடம் செலவு கட்டுப்படியாகவில்லை என்பதை மறைக்காமல் சொல்லி, இந்த வடிவில் எழுதித் தரச் சொல்லுங்கள்: "லெவெடிராசிட்டம் 500 மி.கி. மாத்திரை, 1-0-1, 30 நாள், 60 மாத்திரை. சோடியம் வால்ப்ரோயேட் சி.ஆர். 500 மி.கி., 0-0-1, 30 நாள், 30 மாத்திரை. மாதம் ஒருமுறை வீதம் 3 முறை தரலாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். மறுபடி தரலாம் என்று மருத்துவர் எழுதாத சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து தர வேண்டும் என்பதும் விதி 65தான். அந்த ஒரு வரி இருந்தால், மாத்திரைக்காக மட்டும் மாதாமாதம் ஆலோசனைக் கட்டணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

பொதுப் பெயரில் சீட்டு கிடைத்துவிட்டால் மக்கள் மருந்தகம், முதல்வர் மருந்தகம் இரண்டிலும் கேட்கலாம். போவதற்கு முன் போனில் விசாரியுங்கள். "வால்ப்ரோயேட் இருக்கிறதா" என்று கேட்டால் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "சி.ஆர். 500 இருக்கிறதா" என்று கேளுங்கள். சி.ஆர். என்பது மருந்தை மெதுவாக வெளிவிடும் வகை. அதே 500 மி.கி. சாதாரண மாத்திரை அதற்கு ஈடாகாது. இது சட்ட விஷயம் இல்லைதான், ஆனாலும் இந்த இடத்தில் பிசகினால் மிச்சப்படுத்தியதைப் போல் பல மடங்கு அவசர சிகிச்சைக்குப் போகும்.

இன்னொன்று. வலிப்பு மருந்தில் மாதத்துக்கு ஒரு கம்பெனி என்று மாறிக்கொண்டே இருக்கக் கூடாது. ரத்தத்தில் மருந்தின் அளவு கொஞ்சம் ஏறி இறங்கினாலே சிலருக்கு வலிப்பு வந்துவிடும். ஃபெனிட்டாயின், கார்பமாசிபைன் சாப்பிடுபவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். மாறுவது என்று முடிவானால் மருத்துவருக்குத் தெரிவித்து, இரண்டு மருந்தையும் ஒரே நேரத்தில் மாற்றாமல் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றி, பிறகு அதே தயாரிப்பாளரிடமே நில்லுங்கள். அட்டையின் பின்புறம் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) இருக்கும். ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து வையுங்கள், புகார் கொடுக்கவும் அதுவே சாட்சி. புதிய மாத்திரை கைக்கு வரும்வரை பழையதை ஒரு வேளைகூட நிறுத்த வேண்டாம்.

அந்த மருத்துவமனைக் கடையில்தான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மருந்தை எங்கே வாங்குவது என்பது நோயாளியின் விருப்பம் என்று நோயாளர் உரிமைச் சாசனமும் சொல்கிறது. ஆனால் இதை வைத்து மருத்துவமனைமேல் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன். இதே பிரச்சினை உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது, 2025 மார்ச் 4 அன்று, மாநில அரசுகள்தான் கொள்கை வகுக்க வேண்டும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவதே சுருக்கமான வழி. சீட்டைத் தர மறுத்தால் அது வேறு விஷயம், அதற்கு எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம்.

விலைக்கு வருவோம். லெவெடிராசிட்டம், சோடியம் வால்ப்ரோயேட் இரண்டுமே தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பவை. பட்டியலில் உள்ள வடிவத்துக்கும் மி.கி. அளவுக்கும் 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணையின்படி உச்சவரம்பு விலை உண்டு. பிராண்டு எவ்வளவு பெரிதானாலும் அதைத் தாண்ட முடியாது. உங்கள் மாத்திரைகளின் பெயரை 'ஃபார்மா சகி தாம்' செயலியில் போட்டால் உச்சவரம்பும் மற்ற கம்பெனிகளின் விலையும் தெரியும். மருத்துவரிடம் பேசப் போகும்போது அந்த விலை விவரம் கையில் இருக்கட்டும். அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இல்லாத மருந்துகளுக்கு உச்சவரம்பு கிடையாது. 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற கட்டுப்பாடு மட்டும் உண்டு.

அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச விலை எல்லா வரியும் சேர்ந்தது. அதற்குமேல் ஒரு ரூபாய் வாங்கினாலும் தவறு. ஆனால் பில்லை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். மொத்தத் தொகைக்குள் அடங்கிய ஜி.எஸ்.டி.யைத் தனியாகப் பிரித்துக் காட்டுவது சரியான நடைமுறை, அது கூடுதல் வசூல் ஆகாது. அட்டை விலையை அட்டையிலுள்ள மாத்திரை எண்ணிக்கையால் வகுத்து, வாங்கிய எண்ணிக்கையால் பெருக்குங்கள். 15 மாத்திரை உள்ள அட்டை ரூ.150 என்றால் 10 மாத்திரைக்கு ரூ.100. பில் தொகை அதைத் தாண்டினால்தான் புகார். (2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும்.)

புகாரை உங்கள் மண்டல மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். பில்லின் நகல், அச்சிட்ட விலையும் தொகுதி எண்ணும் தெரியும்படி எடுத்த அட்டையின் படம், மேலே சொன்ன கணக்கு, இந்த மூன்றும் போதும். மாத்திரை தீர்ந்ததும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவதால்தான் இப்படிப்பட்ட புகார்கள் பாதியில் நின்றுபோகின்றன. கூடுதலாக வாங்கிய பணம் உங்கள் கைக்குத் திரும்ப வேண்டுமென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ரூ.5 லட்சம் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். உங்கள் இரண்டு பில்லுக்கு அதுவரை போவது அலைச்சலுக்குத் தகுமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். 1915லேயே முடித்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

முழு அட்டை விவகாரத்தில் சட்டம் அரைகுறைதான். உதிரியாக விற்றால் விகித விலைக்கு மேல் வாங்கக்கூடாது என்று விலை ஆணை சொல்கிறது. அட்டையை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. உங்களுக்குத் தொடர்ந்து தேவைப்படும் மருந்து என்பதால், மருத்துவரிடம் அட்டைக் கணக்குக்கு ஒத்துவரும் எண்ணிக்கையில் எழுதி வாங்கிக்கொண்டால் இந்தச் சண்டையே வராது.

இனி நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு சொல்லுக்கு வருகிறேன்: இ.எஸ்.ஐ. பிடித்தம். மாதம் 0.75 சதவீதம், உங்கள் சம்பளத்தில் ஏறத்தாழ ரூ.139, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இ.எஸ்.ஐ. மருத்துவ உதவி தொழிலாளிக்கு மட்டும் இல்லை, வாழ்க்கைத் துணைக்கும் உண்டு. புறநோயாளி சிகிச்சையும் மாத்திரையும் அதில் சேரும். மனைவியின் பேரில் கணவர் சிகிச்சை பெற முடியாது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு.

நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் உங்கள் இ.எஸ்.ஐ. அட்டையின் நகலைக் கேளுங்கள். அதில் கணவர் பெயர் இல்லாவிட்டால் ஆதாரும் புகைப்படமும் கொடுத்துச் சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு உங்களுக்கு ஒதுக்கிய இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு (டிஸ்பென்சரி) அவரையும், இதுவரையிலான சீட்டுகளையும், இ.இ.ஜி., ஸ்கேன் அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். நரம்பியல் மருத்துவரைப் பார்க்க இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு அங்கேதான் கிடைக்கும். மருந்து இருப்பில் இல்லை என்றால் வாய்வார்த்தையோடு திரும்பி வராதீர்கள். சீட்டின்மேல் "இருப்பில் இல்லை" என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் வாங்குங்கள். வெளியே வாங்கிய பணத்தைத் திரும்பக் கேட்க அந்தக் காகிதமும் அசல் பில்லும் வேண்டும்.

சம்பளம் ரூ.21,000ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. உடனே போய்விடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று பங்களிப்புக் காலம் கணக்கிடப்படுகிறது. எந்தக் காலத்தின் நடுவில் தாண்டினீர்களோ அது முடியும்வரை பிடித்தமும் தொடரும், மருத்துவ உரிமையும் தொடரும்.