பல ஏஐ கோடிங் புராஜெக்ட்டுகளுக்கு டாஷ்போர்டு எதற்கு? டெர்மினல் போதாதா?

ஏஐ ஏஜென்ட்டுகள் (சொன்ன வேலையைத் தானே செய்யும் ஏஐ புரோகிராம்கள்) கோடு எழுதும் பல புராஜெக்ட்டுகளை ஒரே திரையில் காட்டும் கணினி ஆப்தான் இந்த டாஷ்போர்டு. எது ஓடுகிறது, எது முடிந்தது, எது உங்கள் பதிலுக்காக நிற்கிறது என்பது பார்த்ததும் தெரியும். மூன்றாவதுதான் முக்கியம். ஒரு கட்டளையை இயக்க அனுமதி கேட்டுவிட்டு ஏஜென்ட் அப்படியே நிற்கும். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் விண்டோவில், ஏழெட்டு டேப் திறந்திருந்தால் அந்தக் கேள்வி கண்ணில் படாது. மருத்துவமனையில் செவிலியர் மேசைத் திரை போலத்தான்: எல்லா அறைக்கும் ஓடாமல், அழைப்பு வந்த அறைக்குப் போகலாம்.

நல்ல டாஷ்போர்டு, கோடு மாற்றங்களைப் பதிவு செய்யும் ‘கிட்’டின் வொர்க்ட்ரீ வசதி மூலம் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஃபோல்டரும் தனி பிராஞ்சும் (கோடின் தனிக் கிளை) தரும். இல்லையென்றால் ஒரு ஏஜென்ட் எழுதியதை இன்னொன்று அழித்துவிடலாம். பலரும் சிக்கிக்கொள்வது இதற்கு அடுத்த படியில். கிட் வழக்கமாகக் கணக்கில் எடுக்காத .என்வி (.env) ஃபைலும் (ஆப்பின் அமைப்புகளும் ரகசிய சாவிகளும் இருப்பது) நோட் மாட்யூல்ஸ் (node_modules) ஃபோல்டரும் (ஆப்புக்குத் தேவையான லைப்ரரிகள் இருப்பது) புது இடத்துக்கு வராது. ஆப் ஓடாது, ஏஜென்ட்டோ கோடில் பிழை என்று நினைத்து, சரியாக இருந்ததை மாற்றத் தொடங்கும். .என்வியை நகலெடுத்து, லைப்ரரிகளை நிறுவும் என்பிஎம் இன்ஸ்டால் (npm install) கட்டளையை ஓட்டிய பிறகே வேலையைக் கொடுங்கள். இரண்டு வேலைகளின் டெவ் சர்வர்களும் (ஆப்பைச் சோதிக்க உங்கள் கணினியில் ஓடுபவை) 3000 என்ற ஒரே போர்ட்டை, அதாவது இணைப்பு எண்ணை, கேட்டால் ஒன்றுக்கு 3001 கொடுங்கள்.

“முடிந்தது” என்று பச்சை காட்டினால் கோடு சரி என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்; ஏஜென்ட் நின்றுவிட்டது என்பது மட்டுமே அதன் பொருள், டிஃப்பை (கோடில் என்ன மாறியது என்ற பட்டியல்) படித்து டெஸ்ட்டை ஓட்டிய பிறகே மெர்ஜ் செய்ய, அதாவது முதன்மைக் கோடில் சேர்க்க, வேண்டும்.