மழைச்சட்டைக்கு ஸ்பிரே அடிக்கலாமா?

கேள்வி: விசைப்படகில் தொழிலுக்குப் போகும் என் மகனுக்காகச் சென்னையில் வாங்கிய மேல்சட்டையில் முதலில் மழைத்துளி முத்து முத்தாக உருண்டோடியது. சில சலவைகளுக்குப் பின் துணி நனைகிறது. நீர் ஒட்டாமலிருக்க ஒரு ஸ்பிரே விற்கிறார்கள். அதை அடிக்கலாமா? கடலுக்குக் கேடு உண்டா?
– வாசகி ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: ஸ்பிரே வாங்குவதற்கு முன், சோப்பும் உப்பும் போகும்வரை சட்டையை நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தி, உள்பக்கச் சீட்டு அனுமதித்தால் மிதமான சூட்டில் இஸ்திரி போட்டுப் பாருங்கள். துணியின்மேல் நீரை ஒட்டவிடாத பூச்சு முற்றிலும் தேய்ந்திராவிட்டால், அந்தச் சூட்டிலேயே ஓரளவு உயிர்பெறும்.

இனிக் கேட்டைப் பற்றி. இத்தகைய பூச்சுகளில் பல, கரிமமும் ஃபுளூரினும் பிணைந்த பிஃபாஸ் என்னும் வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்தவை. அந்தப் பிணைப்பை வெயிலோ நுண்ணுயிரியோ எளிதில் உடைப்பதில்லை என்பதால், ஆலைக் கழிவுநீரிலும் சலவை நீரிலும் வெளியேறுபவை வழக்கமான சுத்திகரிப்பையும் கடந்து நிலத்தடி நீருக்கும் கடலுக்கும் போய்ச் சேர்கின்றன. அவற்றுள் சில, மீனின் இரத்தப் புரதங்களிலும் ஈரலிலும் தங்கிவிடுகின்றன. எளிதில் அழியாத நச்சு வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, இக்குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.எஸ்ஸை 2009இலும் பி.எஃப்.ஓ.ஏவை 2019இலும் தன் பட்டியலில் சேர்த்தது. ஆலைகள் பலவும் இவற்றைப் போன்ற எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட சங்கிலியை விட்டு, ஆறு கரிம அணுக்கள் கொண்ட சங்கிலிக்கு மாறின. அதுவும் அதே குடும்பத்துப் பிள்ளைதான். ஆகவே ‘பி.எஃப்.ஓ.ஏ இல்லை’ என்ற சீட்டு போதாது. ஃபுளூரினே இல்லை என்று எழுதியிருக்க வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் உங்கள் மகனின் ஒரு சட்டையால் கெட்டுவிடப் போவதில்லை. ஆலைக் கழிவுநீரே பெரிய கவலை. ஆனால் ஸ்பிரேயில் ஒரு பகுதி துணியில் படாமலே காற்றிலும் மண்ணிலும் போகிறது. மூடிய அறையில் அடித்தால் நுரையீரலையும் தாக்கக்கூடும்.

ஃபுளூரினின் தனிச்சிறப்பு, எண்ணெயையும் ஒட்டவிடாதது. வெறும் மழைக்கு மெழுகோ சிலிக்கோனோ போதும். எனினும் டீசலும் மீனெண்ணெயும் படும் படகில் அவை விரைவில் பயனற்றுப்போகும் என்பதை மறைப்பதற்கில்லை. எனவே ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலுக்குப் போகிறவருக்கு, ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஏற்றிய சாதாரண மழைக்கோட்டே என் பரிந்துரை. அதில் நீரைத் தடுப்பது அடைத்து நிற்கும் படலம் என்பதால் இந்தப் பூச்சுக்கே தேவையில்லை; வியர்க்கும், உண்மைதான். கிழிந்தால் ஒட்டுப்போட்டு உடுத்தலாம். பழசானதும் கரையில் குவித்துக் கொளுத்த மட்டும் வேண்டாம், பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் எரிந்தால் மூச்சை அடைக்கும் ஹைட்ரஜன் குளோரைடு வெளிப்படும்.