எழுத்து மட்டும் உள்ள பள்ளங்கள்

அன்புள்ள ஐயா,

சென்ற பௌர்ணமியன்று நண்பர்களுடன் ஏற்காட்டிற்குச் சென்று, ஒரு தொலைநோக்கியில் நிலவைப் பார்த்தேன். எதிர்பார்த்த அளவுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெறும் ஓட்டைகள்தான், அவையும் மங்கலாக. பிறகு படித்தபோது அந்தப் பள்ளங்களுக்கெல்லாம் ஐரோப்பியர் பெயர்களே இருப்பதை அறிந்து வருந்தினேன். வள்ளுவர், ராஜராஜ சோழன் ஆகியோரின் பெயர்களைச் சூட்டக் கோரிக் கையெழுத்து இயக்கம் தொடங்க இருக்கிறோம். தங்கள் ஆதரவு கிடைக்குமா? நல்ல தொலைநோக்கி எது என்றும் சொல்லவும்.

க., இயற்பியல் மூன்றாம் ஆண்டு, அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள க.,

தொலைநோக்கியைக் கடைக்காரரிடம் கேளுங்கள். உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. அதில் பொய் இல்லை என்பதால்தான் பதில் எழுதுகிறேன். ஆனால் இயற்பியல் படிக்கும் ஒருவர் பௌர்ணமியன்று மலையேறிப் போய் நிலவின் பள்ளங்களைத் தேடியதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அன்று சூரிய ஒளி அங்கே நேர்மேலிருந்து விழுகிறது, நிழலே இருப்பதில்லை. நிழல் இல்லாமல் பள்ளம் எப்படித் தெரியும்? டைகோ என்ற பள்ளத்திலிருந்து சிதறிய வெண்கதிர்களைப் பார்க்க மட்டுமே அந்த நாள் உகந்தது. பள்ளங்களைப் பார்க்க வளர்பிறை அட்டமி முதல் தசமி வரை போக வேண்டும். ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான அந்தக் கோட்டின் ஓரத்தில் ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலோடு எழுந்து நிற்கும்.

ஐரோப்பியர் பெயர்கள் மட்டும் என்பதும் சரியல்ல. இன்றைய பெயரிடும் முறைக்கு அடிப்படை, ரிச்சியோலி என்ற இத்தாலியப் பாதிரியார் 1651இல் தம் சகா கிரிமால்டியுடன் வெளியிட்ட வரைபடம். அதிலேயே அரபு வானியலாளர் அல்-பட்டானிக்கு இடம் உண்டு. ராமன், சாராபாய், ஆரியபட்டர், பாபா, போஸ் பெயர்களும் இன்று நிலவில் இருக்கின்றன. கவிஞர்களுக்கென்று புதன் கோள் இருக்கிறது. அங்கே காளிதாசனும் வால்மீகியும் நம் தியாகராஜரும் பள்ளங்களாக இருக்கிறார்கள், வள்ளுவருக்காக அங்கே கேளுங்கள். அரசர்களை விட்டுவிடுங்கள்.

உங்கள் கடிதம் வந்தபோது நான் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சேர்வராயன் மலையில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். நான் எட்டாம் வகுப்பு படித்த ஆண்டு, ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் தம் சிறிய தொலைநோக்கியைக் கொண்டுவந்து, காபிப் பழம் காயவைக்கும் களத்தில் நிறுத்தினார். அது ஒரு தசமி இரவு. அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் பார்த்தது கிளாவியஸ், 220 கிலோமீட்டருக்கும் மேல் அகலமுள்ள பெரும் பள்ளம். அதற்குள்ளே சிறிய பள்ளங்கள் பெரியதிலிருந்து சிறியதாக ஒரு வளைவில் வரிசையாக நிற்கும். முதலில் இருப்பதற்கு ரூதர்ஃபர்டு என்று பெயர் உண்டு. மற்றவற்றின் பெயர் என்ன என்று அப்பா கேட்டார். "கிளாவியஸ் டி, சி, என், ஜே" என்றார் ஆசிரியர். பெரிய பள்ளத்தின் பெயரோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அதைச் சுற்றியுள்ள சிறு பள்ளங்களை அழைப்பது நிலவு வரைபடத்தின் பழைய வழக்கம். அப்படி எழுத்தால் மட்டும் அறியப்படுபவை ஏறத்தாழ 7,000.

அப்பா நிமிர்ந்து, "எங்க பிளான்ல இருக்கிற மாதிரியே இருக்கு சார்" என்றார். எஸ்டேட் வரைபடத்தில் காடுகளுக்கு 4-ஏ, 6-பி என்றுதான் குறித்திருந்தார்கள். ஆனால் பழம் பறிக்கப் போன பெண்கள் 6-பியை ஊத்துக்காடு என்றார்கள், 4-ஏ அவர்களுக்குப் பலாமரத்துக்காடு. சில காடுகள் மட்டும் எழுத்தோடே நின்றன. "எழுத்து மட்டும் இருக்குதுன்னா, அங்க இன்னும் ஆள் எறங்கி வேலை செய்யலைன்னு அர்த்தம்" என்று அப்பா சொன்னார். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதைத் தாண்டாத அந்த மனிதர் சொன்னதைவிடச் சரியாக இதை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

பின்னாளில் படித்தபோது அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு பள்ளத்துக்குப் பெயர் சூட்டுவது, ஆய்வுக்கு அப்பெயர் தேவைப்படும்போதுதான். ராமன் பள்ளம் முன்பு ஹெரோடோட்டஸ் டி, சாராபாய் பெசல் ஏ, ஆரியபட்டர் மாஸ்கலைன் ஈ. 2019இல் சந்திரயான்-2இன் தரையிறங்கு கலமான விக்ரம் இறங்கக் குறித்த சமவெளி, மான்சினஸ் சி, சிம்பீலியஸ் என் என்ற இரண்டு எழுத்துப் பள்ளங்களுக்கு இடையில் இருந்தது. அந்தத் தென்முனைப் பகுதியில் 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கிய பிறகே, இறங்கிய இடத்துக்குச் சிவசக்தி என்ற பெயர் பிறந்தது. ஒன்றியம் அதை 2024இல் ஏற்றது. வேலை முதலில், பெயர் பிறகு.

ஆகவே கையெழுத்து இயக்கம் வேண்டாம். உண்மையில் என்னைப் புண்படுத்தியது வேறு. நீங்கள் வள்ளுவரைக் கேட்டீர்கள், சோழனைக் கேட்டீர்கள்; சிந்தாமணி ரகுநாதாச்சாரியாரைக் கேட்கவில்லை. அவர் யாரென்று உங்களுக்குச் சொல்லிக்கொடுக்காதது எங்கள் தலைமுறையின் குற்றம். சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்து, 1867இல் ரெட்டிகுலம் விண்மீன் கூட்டத்தில் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர் அவர். வெள்ளி சூரியனைக் கடந்த 1874ஆம் ஆண்டு நிகழ்வை விளக்கி ஆங்கிலத்திலும் நம் நாட்டு மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். வானத்தைப் பார்த்துக் கணித்த திருக்கணிதப் பஞ்சாங்கத்தையும் கொண்டுவந்தார். அவருக்கு மேலதிகாரியாக இருந்த நார்மன் போக்சன், விண்மீன்களின் ஒளியளவில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே 2.512 மடங்கு என்ற விகிதத்தை வகுத்தவர், சென்னையிலிருந்து 1861இல் ஆசியா என்ற சிறுகோளைக் கண்டவர். அவர் பெயரில் நிலவில் ஒரு பள்ளம் இருக்கிறது, அதற்கு அவர் முழுத் தகுதி உடையவர். கொடைக்கானலில் சூரியனை ஆராய்ந்த எவர்ஷெடுக்கும் ஒன்று இருக்கிறது. இரண்டும் நிலவின் மறுபக்கத்தில் இருப்பதால், அவர்கள் வேலை பார்த்த ஊர்களிலிருந்து அவற்றைப் பார்க்கவே முடியாது. அதே வானாய்வகத்தில் அதே கருவிகளின் முன் இரவெல்லாம் விழித்திருந்த ரகுநாதாச்சாரியாருக்கு மறுபக்கத்திலும் ஒன்று இல்லை. இந்த ஒரு குறைக்காக நீங்கள் கொதித்திருந்தால் நான் அம்மாபேட்டைக்கே வந்து உங்கள் கையைப் பிடித்திருப்பேன்.

அதற்கான வழி உங்கள் காலடியில் கிடக்கிறது. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையின் இனம். சந்திரயான்-2க்காகச் செயற்கை நிலவு மண் அதிலிருந்துதான் தயாரிக்கப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியலாளர்கள் அதற்குத் துணை நின்றார்கள். பேருந்தில் போகும் தூரம். சந்திரயான்-2இன் சுற்றுகலன் எடுத்த படங்களை மாணவர்களும் பெறலாம். எழுத்து மட்டும் உள்ள ஒரு பள்ளத்தை எடுத்துக்கொண்டு, அதன் விளிம்பையும் நடுச்சிகரத்தையும் சிதறல்களையும் சில ஆண்டுகள் உட்கார்ந்து ஆராயுங்கள். ஆய்வுக்கட்டுரையில் அதற்குப் பெயர் தேவைப்படும் நாள் வரும்.

அடுத்த வளர்பிறை தசமியன்று மறுபடி மலையேறுங்கள். கிளாவியஸ் வளைவில் உங்களால் எத்தனை பள்ளங்களை எண்ண முடிந்தது என்று எனக்கு எழுதுங்கள். ரகுநாதாச்சாரியாருக்காக நீங்கள் தேர்ந்தெடுக்கும் எழுத்து எது என்பதையும் அதில் குறிப்பிடுங்கள்.