பூனைக்குட்டியும் பூட்டிய வீடும்

வணக்கம் சார்,

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி போர்ஷனில் தனியாக இருக்கிறேன். வேலை பாண்டியில். காலை எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்பி வர ஆறரை ஆகிவிடும். போன சனிக்கிழமை முதுநகரில் இருக்கும் தோழி வீட்டிலிருந்து ஒரு பூனைக்குட்டி எடுத்து வந்தேன். பெண் குட்டி, ரெண்டு மாசம் என்றாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் என் மடியிலேயே கிடந்தது. திங்கட்கிழமை வேலை முடிந்து வந்தால் வீட்டுக்கார அம்மா கேட் அருகிலேயே நின்றுகொண்டு, "நாள் பூரா கத்திக்கிட்டே இருந்துச்சும்மா, பாவம்" என்றார். வைத்துவிட்டுப் போன பால்சாதம் அப்படியே இருந்தது, எறும்பு மொய்த்து. குட்டி பீரோவுக்கு அடியில். நேற்றும் இதே கதை. ராத்திரி நான் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறது. இன்னொன்று, நான் வந்ததும் ஓடி வந்து காலை உரசிவிட்டு உடனே விளையாடப் போய்விடுகிறது. கோபமாக இருக்கிறதா? பேருந்தில் ஏறி உட்கார்ந்தால் அதன் சத்தம்தான் காதில் கேட்கிறது. திருப்பிக் கொடுத்துவிடலாமா? டிவியைப் போட்டுவிட்டுப் போகட்டுமா? இன்னொரு குட்டி எடுத்தால் சரியாகுமா? வீட்டுக்காரர்கள் சைவம், மாடியில் மீன் சமைக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

க., கடலூர்

அன்புள்ள க.,

திருப்பிக் கொடுக்க வேண்டாம். நாலைந்து நாளில் முடிவு செய்கிற விஷயம் இல்லை இது. ஆனால் உங்கள் ஏற்பாட்டில் ஒரு தப்பு இருக்கிறது. அதே தப்பை நானும் செய்திருப்பதால் தயங்காமல் சொல்கிறேன். முழு வீட்டையும் அதற்குக் கொடுத்துவிட்டீர்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பாண்டியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவிலும் தண்ணீர், கரண்ட் கிடையாது. மறுநாள் காலை மோட்டார் மேடைமேல் கரித்துணி மாதிரி ஒன்று கிடந்தது. தொட்டால் கத்தியது. துடைத்து எடுத்து வந்து கூடத்தில் விட்டேன். எனக்குப் பெரிய மனசு என்று எனக்கே ஒரு நினைப்பு. இரண்டு நாள் அது கத்திய கத்தலில் யாரும் தூங்கவில்லை. கூடத்தின் நடுவில் நின்று ஒவ்வொரு கதவாகப் பார்த்துக் கத்தும், கிட்டே போனால் சோபாவுக்கு அடியில் ஓடிவிடும். மூன்றாம் நாள் என் மனைவி அதைத் தூக்கிக்கொண்டு போய், அரிசி மூட்டையும் பழைய பேப்பரும் கிடக்கிற சாமான் அறையில் விட்டார். தன்னுடைய துவைக்காத பருத்திப் புடவை ஒன்றைச் சுருட்டி அட்டைப்பெட்டிக்குள் போட்டார். கதவைச் சாத்தினார்.

"என்ன, ஜெயில்ல போடுற மாதிரி?" என்றேன்.

"நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க."

அரை மணியில் சத்தம் நின்றுவிட்டது. மெல்லத் திறந்து பார்த்தால் புடவை மடிப்புக்குள் தலையை நுழைத்துத் தூங்குகிறது. வால் மட்டும் வெளியே.

நமக்குப் பெரிய வீடு வசதி. ஒரு கிலோகூட எடை இல்லாத உயிருக்கு அது காவல் காக்க முடியாத எல்லை. எந்த மூலையிலிருந்து எது வரும் என்று அதற்குத் தெரியாது. நாலு சுவரையும் மோந்து பார்த்து, கன்னத்தால் உரசித் தன் வாசனையைப் பூசி முடிக்கிற அளவு இடம் இருந்தால்தான் அது 'என் இடம்' என்று படுக்கும். அதனால் வீட்டைச் சின்னதாக்குங்கள். படுக்கையறை ஒன்று போதும். ஒரு வாரம் அதற்குள்ளேயே இருக்கட்டும். நீங்களும் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு அறையாக, நீங்கள் வீட்டில் இருக்கும்போது திறந்துவிடலாம்.

அறையில் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, குட்டி நுழையும் அளவு ஒரு ஓட்டை போட்டு வையுங்கள். உள்ளே நீங்கள் உடுத்திய துணி ஏதாவது. துவைக்கக் கூடாது, முக்கியமே அதுதான். முடிந்தால் முதுநகருக்கு ஒரு நடை போய், தாய்ப்பூனை படுக்கிற சாக்கிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். மணல் தட்டு ஒரு மூலையில், சாப்பாடும் தண்ணீரும் அதற்கு எதிர் மூலையில். கட்டடம் கட்டுகிற இடத்து மணலே போதும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. கடையில் விற்கும் கட்டியாகிற மணலையும் இந்த வயதில் தவிர்த்துவிடுங்கள், குட்டிகள் அதைத் தின்று பார்க்கும்.

ஒளிகிற இடத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் அது தானே ஒன்றைக் கண்டுபிடிக்கும். இருபது வருஷத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் ஒரு குட்டி வந்த அன்றே காணாமல் போனது. டார்ச் எடுத்துக்கொண்டு தெருக்கோடி வரை தேடினோம். பக்கத்து வீட்டுக் கிணற்றில்கூட வாளி விட்டுப் பார்த்தோம். ராத்திரி பதினொரு மணிக்குத் தண்ணீர் எடுக்கப் போன என் மகள் ஃப்ரிட்ஜுக்குப் பின்னாலிருந்து குறட்டை கேட்கிறது என்றாள். பழைய ஃப்ரிட்ஜ், பின்பக்கம் திறந்திருக்கும். கம்ப்ரெசர் மேல் சுருண்டிருந்தது, வெதுவெதுப்பாக. உங்கள் குட்டி பீரோவுக்கு அடியில் போனதும் இதே கணக்குதான். இழுத்து வெளியே எடுக்காதீர்கள். தரையில் உட்கார்ந்து உங்கள் வேலையைப் பாருங்கள், அதுவாக வரும்.

சரி, அந்தக் கத்தல். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து 'மியாவ்' என்று கத்துவது அபூர்வம். அது குட்டி தாயைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு நம்மிடமும் அதையே வைத்துக்கொள்கிறது. திருவந்திபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள், இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. வைணவத்தில் சரணாகதிக்கு இரண்டு உவமை உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுகப் பிடித்துக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போகும். திருவந்திபுரத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த வேதாந்த தேசிகரின் வடகலை குரங்குக் கட்சி, தென்கலை பூனைக் கட்சி. தத்துவத்தில் எது சரி என்கிற சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் பூனையைக் கவனித்தவர்கள்தான் அந்த உவமையைச் சொல்லியிருக்க வேண்டும். 'பூனை ஏழு வீடு மாற்றும்' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, ஒவ்வொரு முறையும் குட்டி செய்வது ஒன்றுதான்: இருந்த இடத்தில் கத்தும், கவ்வியதும் உடம்பைத் தளரவிடும். கத்தினால் அம்மா வரும். உங்கள் குட்டி திங்கட்கிழமை செய்ததும் அதுதான். அந்தச் சத்தம் மாடியில் எட்டு மணிக்கு ஆரம்பித்து யாரையும் கொண்டுவரவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். பத்தரை மணி நேரம் அதிகம். நாலு மாதம் ஆகும்வரை ஒரு குட்டியை நாலைந்து மணி நேரத்துக்கு மேல் தனியாக விடாமல் இருப்பது நல்லது. இந்த வயதில் அதற்கு ஒரு நாளைக்கு நாலு வேளை சாப்பாடு வேண்டும். மதியம் ஒரு மணிக்கு யாராவது வந்து, சாப்பாடு வைத்து, பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போக வேண்டும். யார் என்று நீங்கள் தேட வேண்டியதே இல்லை. 'பாவம்' என்று சொன்னவர் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். சாவியைக் கொடுத்துக் கேளுங்கள். அவருக்குச் சங்கடம் மீன் வாசனைதானே? குட்டிகளுக்கென்று விற்கும் உலர் உணவில் மீன் சமைக்கிற அளவு வாசனை வராது.

பால்சாதத்தை நிறுத்திவிடுங்கள். தாய்ப்பால் மறந்த பூனைக்குப் பசும்பால் பெரும்பாலும் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். தயிர்சாதம் போட்டு வளர்க்கலாமா என்று உங்கள் அடுத்த கடிதம் வரும், அதற்கும் இப்போதே பதில்: முடியாது. பூனை கட்டாய அசைவம். டாரின் என்றொரு சத்து அதற்கு வேண்டும், அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் கண் போகும், இதயம் வீங்கும் என்பதெல்லாம் 1970, 80களிலேயே நிரூபணமானவை. கடையில் வாங்கும் குட்டி உணவில் அதைச் சேர்த்தே தயாரிக்கிறார்கள். எறும்புக்கு நம் அடுப்படி வைத்தியம் போதும். ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் கிண்ணத்தை வையுங்கள்.

காலையில் நீங்கள் கிளம்புகிற முறையையும் கொஞ்சம் மாற்றுங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, தூக்கம், இதுதான் பூனையின் வரிசை. ஏழு மணிக்கு ஒரு குச்சியில் துணி கட்டி அதை நன்றாக ஓடவிடுங்கள், கால் மணி நேரம் போதும். கடைசியில் அது துணியைப் 'பிடித்துவிட' வேண்டும். உடனே சாப்பாடு. நீங்கள் புடவை கட்டி முடிப்பதற்குள் அதற்குக் கண் சொக்கும். குட்டிகள் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்துக்கு மேலேயே தூங்கும், அதில் பெரும்பகுதியை உங்கள் ஆபீஸ் நேரத்துக்குள் தள்ளிவிடுவதுதான் சாமர்த்தியம். கிளம்பும்போது 'அம்மா போயிட்டு வரேன், அழாதே' என்று வாசலில் நின்று வசனம் பேச வேண்டாம். அது நமக்காகச் செய்துகொள்வது. வருகிற சனி, ஞாயிறில் ஒத்திகை பாருங்கள்: ஐந்து நிமிஷம் வெளியே, திரும்பி வந்து பேசாமல் உள்ளே, அப்புறம் இருபது நிமிஷம், அப்புறம் மார்க்கெட் வரை ஒரு நடை.

டிவி வேண்டாம். விளம்பரம் வரும்போது சத்தம் எகிறும். புதுச்சேரி வானொலியைச் சன்னமாக வைத்துவிட்டுப் போகலாம். அதனால் பெரிய பலன் என்று சொல்ல மாட்டேன், தெருச் சத்தம் கொஞ்சம் அமுங்கும்.

'கோபமா' என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு மிகவும் நிம்மதி தந்த வரி அதுதான். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 2019இல் பூனைக்குட்டிகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். குட்டியும் வளர்ப்பவரும் புது அறை ஒன்றில் இரண்டு நிமிஷம் இருப்பார்கள், பிறகு குட்டி இரண்டு நிமிஷம் தனியே, பிறகு வளர்ப்பவர் திரும்பி வருவார். அவர் வந்ததும் ஓடி வந்து ஒரு உரசல், பிறகு தன் விளையாட்டைப் பார்க்கப் போய்விடுவது, இப்படி நடந்துகொண்டவைதான் வளர்ப்பவர்மேல் பத்திரமான பிணைப்பு உள்ளவை. வகைப்படுத்த முடிந்த குட்டிகளில் 64 சதவீதம் அப்படி. விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றவையும் விலகிப் போனவையும்தான் பதற்றம் தீராதவை. உங்கள் குட்டி வந்து நாலே நாளில் அந்த முதல் ரகத்தைப் போல நடக்கிறது. பேருந்தில் அழுதுகொண்டு போக வேண்டியதில்லை.

இன்னொரு குட்டி விஷயத்தில், அதே ஈற்றில் வேறு குட்டி மீதி இருந்தால் யோசிக்காமல் எடுத்து வாருங்கள். உங்கள் மாதிரி வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்றைவிட இரண்டு சுலபம். ஒன்றையொன்று கடித்து உருண்டு, கட்டிக்கொண்டு தூங்கிவிடும். வேறு இடத்துக் குட்டி என்றால் இப்போது வேண்டாம். ஒரு புதுசைச் சமாளிக்கும்போதே இன்னொரு புதுசு எதற்கு?

அறையைப் பூட்டும் முன் ஒரு முறை தரையோடு தரையாகக் குனிந்து பாருங்கள். நீங்கள் தலையில் வைத்த பூச்சரத்தின் நூல் கட்டில் ஓரம் கிடக்கிறதா? நூலை விழுங்கினால் குடலையே சுருக்கிவிடும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்கினால் இழுக்காமல் மருத்துவரிடம் ஓடுங்கள். தண்ணீர் நிறைந்த பக்கெட் திறந்து கிடக்கக் கூடாது. ஜன்னலுக்கு நைலான் கொசுவலை அல்ல, கம்பிவலை. ஃபினாயில் போட்டுத் தரை துடைக்காதீர்கள். பூனையின் ஈரல் அதை முறிக்காது, பாதத்தில் பட்டதை நக்கியே விஷமாகும். பாராசிட்டமால் ஒரே மாத்திரை ஒரு பூனையைக் கொல்லும். நாய்க்குப் போடும் உண்ணி மருந்துகளில் சிலவும் அப்படித்தான்.

இந்த வாரமே உங்கள் ஊர் அரசு கால்நடை மருத்துவமனைக்குக் காட்டிவிடுங்கள். பாண்டியில் குரும்பாபேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, ஆனால் குட்டியைப் பேருந்தில் அவ்வளவு தூரம் இப்போது அலைக்கழிக்க வேண்டாம். குடற்புழு மருந்து, முதல் தடுப்பூசி, மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசி. பெண் குட்டி நாலு மாதத்திலேயே சினைக்கு வரக்கூடும், அதனால் கருத்தடை அறுவையை ஐந்து மாதத்துக்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். ஒரு பகலும் ஒரு இரவும் எதுவும் சாப்பிடவில்லை என்றால் அன்றே போங்கள்.

போகும்போது பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் காய்கறிக் கூடை, மூடியைக் கயிற்றால் கட்டி, உள்ளே அந்தத் துவைக்காத துணி. அதற்கு முன்னால் இன்று சாயங்காலம் கீழ்வீட்டுக்கு இறங்கிப் போங்கள். குட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். சாவியைப் பற்றிய பேச்சை, அந்த அம்மா அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்ட பிறகு ஆரம்பித்தால் போதும்.