எட்டு பாரிலேயே நின்றுபோகும் பாட்டு: மாடி அறை மின்னிசைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

வீட்டிலிருந்தபடி எலெக்ட்ரானிக் இசை செய்கிறவர்கள் என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லிவைத்தேன். வந்து குவிந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், சொற்கள்தான் வேறு: உட்கார்ந்தால் வேலை ஓடமாட்டேன் என்கிறது, என்ன செய்ய? ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். என்னைத் தெரியாதவர்களுக்கு: மதுரை வில்லாபுரத்தில் மொட்டை மாடி அறை, ஒரு லேப்டாப், இரண்டு ஸ்பீக்கர். குறும்படம், கடை விளம்பரம், திருவிழா ரீமிக்ஸ் என்று 13 வருடமாக இதில்தான் பிழைப்பு. அதற்கு முன்னால் மாமாவின் மைக்செட்டில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன்.

திருமங்கலம், கல்லூரி மாணவர்: எட்டு பார் (நான்கு தட்டு சேர்ந்தால் ஒரு பார்) லூப் போடுவேன், திரும்பத் திரும்ப ஓடவிட்டால் பிரமாதமாக இருக்கும். அதற்கு மேல் ஓர் அடி நகராது. லேப்டாப்பில் 60 ப்ராஜெக்ட் கிடக்கிறது அண்ணே, முடிந்தது ஒன்றுகூட இல்லை.

தம்பி, உன் லூப்பில் குறை எதுவும் இல்லை. எல்லாமே இருக்கிறது, அதுதான் பிரச்சினை. லூப் சுற்றச் சுற்ற நம் கை சும்மா இருக்காது. பின்னால் நீளமாக இழையும் ஒரு பேட், மேலே கைதட்டல் மாதிரி ஒரு கிளாப், அதற்கு மேலே இன்னொரு சின்த் (மின்னிசைக் கருவி) என்று அடுக்கிக்கொண்டே போகும். எட்டாவது பார் முடிவதற்குள் சொல்ல வேண்டிய அத்தனையும் சொல்லியாயிற்று. ஒன்பதாவது பாருக்கு என்ன மிச்சம்? கல்யாணப் பந்தியில் சாம்பார், ரசம், பாயசம், மோர் நான்கையும் ஒரே நேரத்தில் இலையில் ஊற்றிவிட்டு, அடுத்து என்ன பரிமாறுவது என்று காலி வாளியோடு நிற்கிறாய்.

அதனால் புதிதாக எதையும் சேர்க்காதே. 120 பிபிஎம்மில், அதாவது நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், ஒரு பார் சரியாக 2 விநாடி. உன் எட்டு பாரை 12 முறை வரிசையாக ஒட்டினால் 96 பார், 3 நிமிடம் 12 விநாடி. நீளத்துக்குப் பாட்டு வந்துவிட்டது, இனி அழிக்கிற வேலைதான். முதல் 16 பாரில் கிக்கும் (கனத்த டிரம் அடி) ஹைஹாட்டும் (சின்னத் தாளத் தட்டு) மட்டும் விடு. 17ல் பாஸ் (கீழ் சுர இசை) வரட்டும். 33ல் மெலடி. 49ல் கிக்கைத் தூக்கிவிட்டு எட்டு பார் காற்றாட விடு. 57ல் எல்லாம் சேர்ந்து விழட்டும். இந்தக் கணக்கு ஒத்துவராவிட்டால், உனக்குப் பிடித்த ஒரு பாட்டை டைம்லைனில் இழுத்துப் போட்டு, மாற்றம் வருகிற இடத்திலெல்லாம் ஒரு மார்க்கர் வை. அந்த அளவின் மேலேயே உன் பாட்டைக் கட்டு. மெலடியை எடுத்தால்தான் திருட்டு. எந்த பாரில் யார் நுழைகிறார்கள் என்பது யாருக்கும் சொந்தமில்லை.

அந்த 60ல் மூன்றை எடுத்து முதலில் முடி. நல்ல மூன்றை எடுக்காதே, சுமாரான மூன்றை எடு. நல்லதைத் தொட்டால் கெட்டுவிடுமோ என்று கை தயங்கும்.

செல்லூர்: பக்கத்து வீட்டில் விசைத்தறி. காலையிலிருந்து இரவு வரை ஓடுகிறது. இந்தச் சத்தத்தில் எப்படிக் கவனம் வரும்?

செல்லூரில் நானும் ஒன்றரை வருடம் வாடகைக்கு இருந்தவன். அந்தச் சத்தம் இப்போதும் காதுக்குள் ஓடுகிறது. காதை முழுக்க மூடுகிற வகை ஹெட்ஃபோன் ஓரளவுக்குக் காப்பாற்றும். நான் செய்தது, வேலையைப் பிரித்ததுதான். தறி ஓடும்போது நுணுக்கமாகக் கேட்கத் தேவையில்லாத வேலைகள்: சாம்பிள்களுக்கு (சின்னச் சின்ன ஒலித் துண்டுகள்) பெயர் வைத்து அடுக்குவது, டிரம் பேட்டர்ன் போடுவது, எது எங்கே வரும் என்ற அரேஞ்ச்மென்ட். தறி நின்ற பிறகு சவுண்ட் தேர்வு, லெவல், மிக்ஸிங். இப்படிப் பிரித்த பிறகுதான் எனக்கு உறைத்தது, அமைதியான தெருவில் இருப்பவனும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று. சவுண்ட் தேடுவது, எழுதுவது, மிக்ஸ் செய்வது மூன்றும் தனித்தனி வேலை. ஸ்னேர் டிரம் சவுண்ட் தேடப் போனவன் நடுவில் ஈக்யூவை (மேல், கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) திருக ஆரம்பித்தால் ராத்திரி 11 மணிக்கு ஸ்னேர் இருக்கும், பாட்டு இருக்காது.

அப்புறம் ஒரு நாள் எரிச்சலில், போனை ஜன்னல் கம்பியில் சாய்த்துவைத்து அந்தத் தறியையே ரெக்கார்ட் செய்தேன். தட்டினால் வேகம் காட்டும் டேப் டெம்போவில் தட்டிப் பார்த்தால் 118க்கும் 121க்கும் நடுவில் ஆடுகிறது. தறியின் நாடா ஒரு பக்கம் போகும்போது கனமாக ஒரு ‘டடக்’, திரும்பும்போது கொஞ்சம் மெலிந்து ஒரு ‘டக்’. 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, ஷேக்கர் இருக்க வேண்டிய இடத்தில் வைத்தேன். காசு கொடுத்து வாங்கிய சாம்பிள் எதிலும் இல்லாத ஒரு தள்ளாட்டம் அதில் இருந்தது. அது ஒரு ஜவுளிக்கடை விளம்பரத்தில் போய்ச் சேர்ந்தது. கடைக்காரருக்கு அது தறிச் சத்தம் என்று இன்றுவரை தெரியாது.

அனுப்பானடி, இரண்டு குழந்தைகளின் அம்மா: வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு 40 நிமிடம்தான் கிடைக்கிறது. அதில் பாதி, என்ன செய்யலாம் என்று யோசிப்பதிலேயே போய்விடுகிறது.

அக்கா, 40 நிமிடம் போதும். யோசிக்கிற வேலையைத்தான் அதற்குள் வைக்கக்கூடாது. லேப்டாப்பைத் திறக்கும்போது ‘இன்றைக்கு பாஸ் லைன் மட்டும்’ என்று ஒற்றை வரி ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். நான் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, கீபோர்டு மேலேயே வைத்துவிடுவேன். மறுநாள் அந்தத் தாளை எடுக்காமல் கீபோர்டைத் தொட முடியாது.

டிரம், பாஸ், பேட் சேனல்கள், உங்களுக்குப் பிடித்த ரிவெர்ப் (எதிரொலி சேர்க்கும் கருவி) எல்லாம் போட்டு ஒரு டெம்ப்ளேட்டாக சேவ் செய்து வையுங்கள். பத்து நிமிடம் மிச்சம். கடைசி ஐந்து நிமிடத்தில் வேலை செய்யாதீர்கள். அன்றைக்கு வந்ததை எம்பி3 ஆக்கிப் போனுக்கு அனுப்பிவிட்டு, நாளைய வரியை எழுதிவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் பஸ்ஸில் கேட்டால், எங்கே சலிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் எடுத்த முடிவுகள், திரையின் முன் உட்கார்ந்து எடுத்தவற்றைவிட அதிகம். பஸ்ஸில் மவுஸ் கிடையாது, காது மட்டும்தான்.

பழங்காநத்தம்: 400க்கு மேல் ப்ளகின் (சாஃப்ட்வேருக்குள் சேர்க்கும் கருவிகள்) சேர்த்துவிட்டேன். அதில் தயாராக வரும் பிரீசெட் சவுண்டுகளைக் கேட்டுக்கேட்டே பொழுது விடிகிறது. எதை வைத்துக்கொள்வது?

ஒரு சின்த், ஒரு டிரம் சாம்பிளர், ஒரு ஈக்யூ, சத்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்த ஒரு கம்ப்ரஸர், ஒரு ரிவெர்ப். மற்றதை ஒரு மாதம் வேறு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். 1982ல் சரண்ஜித் சிங் என்ற பம்பாய்க்காரர், சினிமாப் பாட்டுகளுக்கு வாசித்துக்கொண்டிருந்தவர், ரோலண்ட் கம்பெனியின் ஜூபிடர் 8 சின்த், டிபி 303 பாஸ் பெட்டி, டிஆர் 808 டிரம் பெட்டி மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் எல்பி இசைத்தட்டு போட்டார். அன்றைக்குப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் மறுவெளியீடு வந்தபோதுதான், ஆசிட் ஹவுஸ் என்ற மின்னிசை நடன வகைக்குப் பெயர் பிறப்பதற்கு முன்பே இவர் இதைச் செய்திருக்கிறாரே என்று வாய் பிளந்தார்கள். மூன்று பெட்டி, ஐயா. பிரீசெட் பிரவுசர் ஏது?

கே.கே.நகர்: நாலு நாளாக பாஸை மட்டும் திருகிக்கொண்டிருக்கிறேன். அறையில் போதவில்லை என்று ஏற்றினால், நண்பன் காரில் கும்மென்று அடிக்கிறது. பாட்டு மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. அறை பத்துக்குப் பத்து.

பாட்டின் மேல் கோபப்படாதீர்கள், குற்றவாளி அறை. பத்து அடி என்றால் சுமார் 3.05 மீட்டர். நம் ஊர் வெயிலில் ஒலி விநாடிக்கு 350 மீட்டர் போகிறது என்று வைத்தால், அந்த இரண்டு சுவர்களுக்கு நடுவில் முதலில் நின்று அதிரும் அலை ஏறக்குறைய 57 ஹெர்ட்ஸ். நீளமும் அகலமும் ஒன்று என்பதால் இரண்டு பக்கமும் அதே 57தான். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பாஸில் கீழ் ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ், ஏ ஷார்ப் 58 சொச்சம். உங்கள் பாட்டு எந்த ஸ்கேலில் இருக்கிறது என்று பாருங்கள், இந்தச் சுரங்களைச் சுற்றித்தான் இருக்கும், பந்தயம் கட்டுகிறேன். அந்த அலை சுவரோரம் குமுறும், அறையின் நட்ட நடுவில் அடங்கிப்போகும். நீங்கள் நடுவில் நாற்காலி போட்டிருப்பீர்கள்.

ஸ்பீக்கர் பக்கத்துச் சுவரிலிருந்து 4 அடி தூரத்துக்குத் தலையைக் கொண்டுவாருங்கள். மூலைகளில் பழைய இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி நிறுத்துங்கள். பாஸை அது பெரிதாக அடக்காது, ஆனால் அறையின் எதிரொலி குறையும். முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டுவது வெறும் அலங்காரம். 57 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 6 மீட்டருக்கு மேல், அட்டை அதை என்ன செய்யும்? பாஸ் லெவலை மட்டும் ஹெட்ஃபோனில் முடிவு செய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். நாலு நாள் ரொம்ப அதிகம்.

மேலூர்: சித்திரை வந்தால் லேப்டாப் கொதிக்கிறது, பாட்டு விக்கி விக்கி ஓடுகிறது. மூடே போய்விடுகிறது.

வாசிக்கும்போது பஃபர் (லேப்டாப் ஒரே தடவையில் எடுத்துச் செய்யும் ஒலி அளவு) 128, மிக்ஸ் செய்யும்போது 1024. 44,100 சாம்பிள் ரேட்டில் (விநாடிக்கு அத்தனை முறை ஒலியை அளப்பது) முதலாவது சுமார் 3 மில்லி விநாடித் தாமதம், இரண்டாவது 23. மிக்ஸிங்கில் அந்தத் தாமதம் தொந்தரவு தராது, ப்ராசஸருக்கு மூச்சு கிடைக்கும். முடிந்த சின்த் ட்ராக்கையெல்லாம் ஆடியோவாக மாற்றிவிடுங்கள். இதில் இன்னொரு லாபம், ஆடியோ ஆனபின் அதைத் திருக முடியாது. முடிவு முடிவுதான்.

வாடிப்பட்டி: எங்கள் ஊர் தப்பு செட்டை ஹவுஸ் பீட்டோடு சேர்க்கப் பார்த்தேன். சாஃப்ட்வேரின் தாளக் கட்டமான கிரிடில் உட்காரவில்லை. க்வான்டைஸ் செய்தால், அதாவது அடிகளைக் கட்டத்துக்கு இழுத்தால், செத்துப்போகிறது.

உட்காராது. அந்த அடி மூன்று மூன்றாக நடக்கிறது, உங்கள் கிரிட் நான்கு நான்காக இருக்கிறது. கிரிடை 1/8 ட்ரிப்லெட்டில் (ஒரு தட்டுக்கு மூன்று கட்டம்) வையுங்கள். ஒரு பாருக்கு 12 கட்டம் கிடைக்கும். க்வான்டைஸை 100 வைக்காதீர்கள், 50 அல்லது 60 போதும். இன்னும் நல்லது, தப்பைத் தொடாமல் விட்டுவிட்டு கிக்கை அதற்கு ஏற்ப நகர்த்துவது. மேளக்காரர்களிடம் கேட்டு, காசு கொடுத்து ரெக்கார்ட் செய்யுங்கள். ஊர்க்காரன்தானே என்று சும்மா எடுக்காதீர்கள்.

அவனியாபுரம்: சத்தமாக வைத்தால்தான் மூட் வருகிறது. தப்பா?

சத்தம் ஏறினால் காதுக்கு பாஸும் மேல் சுரங்களும் கூடுதலாகத் தெரியும். 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் இருவரும் அளந்து சொன்ன விஷயம் இது. சுமாரான மிக்ஸும் அமோகமாகக் கேட்கும், குறைத்தால் சாயம் வெளுக்கும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 94ல் ஒரு மணி நேரம்தான். குழாய் ஸ்பீக்கருக்குக் கீழே படுத்துத் தூங்கியவன் சொல்கிறேன், என் இடது காதில் இன்றும் ஒரு ‘கிய்ங்’ இருக்கிறது. குறைத்து வையுங்கள்.

விளாங்குடி: ஆடித் திருவிழா, வாசலிலேயே ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். மூன்று நாள் என்ன செய்ய?

லீவு விடுங்கள். போய்க் கூழ் குடியுங்கள்.

திருநகர்: செய்ததை வீட்டில் போட்டுக்காட்டினால் ‘இதெல்லாம் ஒரு பாட்டா?’ என்கிறார் அப்பா. அதோடு ஒரு வாரம் தொட மனசு வருவதில்லை.

பாதியில் இருப்பதை வீட்டில் போட்டுக்காட்டாதீர்கள். ஆனால் முடிந்ததைக் கட்டாயம் காட்டுங்கள். என் பாட்டு ஒன்றை அம்மாவுக்குப் போட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். ஒன்றரை நிமிடம் கழித்து, “சரி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்றார். கோபம் வந்தது. மறுநாள் முன்னால் இருந்த 40 பாரில் 32ஐ வெட்டினேன். அதுதான் முதன்முதலில் காசுக்குப் போன பாட்டு.

உசிலம்பட்டி: இனிமேல்தான் தொடங்கப் போகிறேன். எந்த சாஃப்ட்வேர்?

ரீப்பரை 60 நாள் முழுசாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். எஃப்எல் ஸ்டுடியோவின் ட்ரயலில், சேவ் செய்த ப்ராஜெக்ட்டைக் காசு கட்டும்வரை மறுபடி திறக்க முடியாது, பாட்டாக எக்ஸ்போர்ட் செய்யலாம். எல்லோரும் இதைக் குறை சொல்கிறார்கள். நான் இதைத்தான் எடுக்கச் சொல்வேன். நாளைக்குத் திறக்காது என்று தெரிந்தால் இன்றைக்கே முடித்தாக வேண்டும் இல்லையா? திருமங்கலம் தம்பியும் ஒரு மாதம் இப்படிச் செய்து பார்க்கலாம்.