"என் கவனக்குறைவுதான்" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐயா, என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பினாங்கின் பிறை வட்டாரத்தில் தகரம் அடிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஒன்பது வருடமாக மெஷின் ஓட்டுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் நைட் ஷிஃப்டில் பிரஸ் மெஷினில் வலது கை சிக்கி, ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதி போய்விட்டன. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று மெஷினின் தடுப்பைக் கழற்றி வைத்திருந்தார்களாம். ஆஸ்பத்திரிச் செலவை கம்பெனி கட்டியது. மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்) அடிப்படைச் சம்பளமும் கொடுக்கிறார்கள். ஆனால் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு) போக வேண்டாம், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார்கள். இப்போது மலாயில் எழுதிய ஒரு தாளைக் கொடுத்து, 5,000 வெள்ளி வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். விபத்து அவருடைய கவனக்குறைவால் நடந்தது, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அதில் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை வேலைக்கு வராவிட்டால் தானாகவே வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வார்களாம். மருத்துவமனை கொடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. கம்பெனி மேல் கேஸ் போடலாமா? அவர் யாரிடமும் பேசுவதில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்.
வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சகோதரி, அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். ஏற்கனவே போட்டுவிட்டார் என்றாலும் பதற வேண்டாம். முதலாளியும் தொழிலாளியும் தங்களுக்குள் எழுதிக்கொண்ட தாளை வைத்து பெர்கேசோவின் (சொக்சோவின்) உதவித் தொகையை மறுக்க முடியாது. ஆனால் அந்தத் தாள் பிறகு எங்கெங்கோ தலைகாட்டி உங்களை அலைக்கழிக்கும். போடாமலிருப்பதே நல்லது.

சொக்சோ என்று நாம் சொல்லும் பெர்கேசோ, 1969ஆம் ஆண்டு தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நடக்கிறது. உங்கள் வீட்டுக்காரரின் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு மாதமும் சொக்சோ என்று ஒரு சிறு தொகை பிடித்திருப்பார்கள். முதலாளி அதைவிடக் கூடுதலாகத் தன் பங்கைக் கட்ட வேண்டும். ஒன்பது வருடம் கட்டியது இப்படி ஒரு நாளுக்காகத்தான். கம்பெனி இதை ஏதோ தயவுபோல் பேசுவதைக் கேட்டு நீங்கள் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கவனக்குறைவு என்ற வார்த்தையை முதலில் பார்ப்போம், உங்கள் வீட்டுக்காரரை அதுதான் அதிகம் உறுத்துகிறது என்று நினைக்கிறேன். வேலை விபத்துக்கான பெர்கேசோ உதவித் தொகை யார் தவறு என்று பார்த்துத் தரப்படுவதில்லை. வேலை நேரத்தில், வேலை காரணமாக அடிபட்டாரா என்பதே கேள்வி. முதலாளியின் வேலைக்காகச் செய்யும்போது விதியை மீறி ஒன்றைச் செய்திருந்தால்கூட, அதற்காக மட்டும் உதவித் தொகை பறிபோகாது. தடுப்பைக் கழற்றிய மெஷினில் இரவு முழுக்க நின்றவர் மேல் பழி போடும் தாளை எழுதியவர்கள், அந்தத் தடுப்பைக் கழற்றியது யார் என்று அதில் எழுதவில்லை, இல்லையா?

அடுத்து பணக் கணக்கு. கம்பெனி அடிப்படைச் சம்பளம் தருகிறது என்று நீங்கள் ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிபட்ட நாளையும் சேர்த்து நான்கு நாளாவது எம்.சி. இருந்தால் தற்காலிக முடக்க உதவித் தொகை கிடைக்கும். அது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. சராசரியை விபத்துக்கு முந்தைய ஆறு மாதச் சந்தாவை வைத்துப் போடுவார்கள். அந்தச் சம்பளத்தில் ஓ.டி.யும் (கூடுதல் நேர வேலைச் சம்பளமும்) சேரும். ஓ.டி.யோடு அவர் மாதம் சுமார் 2,450 வெள்ளி எடுத்திருந்தால், ஒரு நாளைக்கு 81 வெள்ளி 67 காசு, அதில் 80 விழுக்காடு 65 வெள்ளி 33 காசு. அறுபது நாளுக்கு 3,920 வெள்ளி வருகிறது. கம்பெனி கொடுத்தது 3,400. பெரிய மனது வைத்து உதவியதாகச் சொல்லும் இரண்டு மாதத்திலேயே உங்கள் வீட்டுக்கு 520 வெள்ளி குறைந்திருக்கிறது. எம்.சி. தொடரும் வரை இந்தத் தொகை தொடரும்.

ஆனால் அந்த 5,000 வெள்ளிதான் எனக்குக் கவலை. விரல் திரும்ப வளராது. அதனால் நிரந்தர முடக்க உதவித் தொகை என்று தனியாக ஒன்று உண்டு. காயம் ஆறி நிலைத்த பிறகு பெர்கேசோவின் மருத்துவ வாரியம் கையைப் பார்த்து, இத்தனை விழுக்காடு முடக்கம் என்று மதிப்பிடும். எத்தனை விழுக்காடு வரும் என்று நான் இங்கிருந்து சொன்னால் அது பொய்யாகிவிடும். உதாரணத்துக்கு 10 விழுக்காடு என்றே வைத்துக்கொள்வோம். நாள் சம்பளத்தில் 90 விழுக்காடு 73 வெள்ளி 50 காசு, அதில் பத்தில் ஒரு பங்கு 7 வெள்ளி 35 காசு, மாதத்துக்கு சுமார் 220 வெள்ளி, ஆயுள் முழுக்க. முடக்கம் 20 விழுக்காடு அல்லது அதற்குக் கீழ் என்றால் மொத்தத்தையும் ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளலாம். அப்போது வயதை வைத்து மதிப்பிடுவார்கள், மாதத் தொகையைக் கூட்டிய அளவுக்கு வராது. 20 விழுக்காட்டுக்கு மேல் என்றால் ஐந்தில் ஒரு பங்கை முன்பணமாக வாங்கலாம், மீதி மாதாமாதம் வரும். 38 வயதுக்காரருக்கு மாதம் 220 வெள்ளி இரண்டே வருடத்தில் அந்த 5,000ஐத் தாண்டிவிடுகிறது. கம்பெனி நீட்டும் தொகை ஏன் இவ்வளவு அவசரமாக வருகிறது என்று இதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

இனி செய்ய வேண்டிய வேலை. வேலை இடத்தில் விபத்து நடந்ததை முதலாளி 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.  உங்கள் கம்பெனி அதைச் செய்யவில்லை என்று தெரிகிறது. அதற்காக உங்கள் வீட்டுக்காரரின் உரிமை போகாது. நீங்களே பக்கத்து பெர்கேசோ அலுவலகத்துக்குப் போய் முகப்பில் சொல்லுங்கள்: "வேலையில் அடிபட்டார், முதலாளி அறிக்கை கொடுக்கவில்லை." அங்கிருந்து அவர்கள் கம்பெனியைக் கேட்பார்கள். அடையாள அட்டை, எல்லா எம்.சி.களின் மூலப் பிரதி, ஆறு மாதச் சம்பளச் சீட்டு, அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு எண், அறுவை சிகிச்சைக் குறிப்பு, இவற்றை எடுத்துப் போங்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. "நான் முடித்துத் தருகிறேன், பத்து விழுக்காடு கொடு" என்று மருத்துவமனை வாசலிலேயே ஆள் வருவான். அவனுக்கு ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

சீட்டில் பிடித்தார்கள், ஆனால் கட்டவே இல்லை என்று தெரியவந்தால்? அப்படியும் நடக்கிறது. முதலாளி கட்டாமல் விட்ட குற்றத்துக்குத் தொழிலாளி பலியாக வேண்டியதில்லை. பெர்கேசோ விசாரித்து, முதலாளி மீது நடவடிக்கை எடுக்கும். பதிவு செய்யாத, சந்தா கட்டாத முதலாளிக்கு இரண்டு ஆண்டு வரை சிறையோ 10,000 வெள்ளி வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கச் சட்டம் இருக்கிறது.

சாட்சியை மட்டும் இந்த வாரமே பிடித்து வையுங்கள். இதை நான் அனுபவத்தில் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மர ஆலைத் தொழிலாளி, ஒரு பிளாஸ்டிக் பை நிறைய எக்ஸ்ரேயுடன் என் அலுவலகத்துக்கு வந்தார். முதலாளி பார்த்துக்கொள்வார் என்று மூன்று வருடம் காத்திருந்தவர். முதுகில் அடி உண்மை, வலி உண்மை. ஆனால் அன்று கூட நின்ற நான்கு பேரும் நேப்பாளத்துக்கும் வங்காளதேசத்துக்கும் திரும்பிவிட்டார்கள். கிளினிக் அட்டையில் 'விழுந்தார்' என்று இருந்ததே தவிர, எங்கே என்று இல்லை. அவருக்காக நான் எழுதிய கடிதங்களின் எண்ணிக்கையை இப்போதும் மறக்க முடியவில்லை. அதனால் கேட்கிறேன்: அன்றிரவு கூட வேலை பார்த்தவர்களின் பெயர், கைப்பேசி எண், சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, மெஷினின் படம் யாரிடமாவது இருந்தால் அது, எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். முதலில் பார்த்த கிளினிக்கின் அட்டையில் 'வேலை இடத்தில்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். (வெளிநாட்டுத் தொழிலாளர்களும் 2019 ஜனவரி 1 முதல் பெர்கேசோவின் வேலை விபத்துத் திட்டத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களில் யாருக்கு அடிபட்டாலும் இதே வழிதான். தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள்.)

கேஸ் போடலாமா என்று கேட்டீர்கள். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, ஆனால் நேராகச் சொல்லிவிடுகிறேன். பெர்கேசோ நடக்கும் அந்த 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, வேலையில் ஏற்பட்ட காயத்துக்காக முதலாளி மீதோ அவருடைய மற்றத் தொழிலாளி மீதோ நட்டஈடு கேட்டு வழக்குப் போடுவதைத் தடுக்கிறது. யார் தவறு என்று நிரூபிக்காமலே பணம் கிடைப்பதற்குத் தொழிலாளி கொடுத்த விலை அது. இது எல்லா நேரமும் நியாயமாக இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை, தடுப்பைக் கழற்றிய மெஷின் போன்ற விஷயங்களில் இன்னும் இல்லை. சாலை விபத்தாக இருந்தால் வாகனக் காப்புறுதி வழியாகக் கேட்க இடமுண்டு, உங்களுடையது அது இல்லை. மெஷினில் உற்பத்திக் கோளாறு இருந்தது, வெளி ஆள் தவறு செய்தார் என்பது போன்ற சங்கதிகள் இருந்தால் அது வேறு. அப்படி ஏதாவது தெரிந்தால் ஒரு வழக்கறிஞரிடம் காகிதங்களோடு போங்கள்.

வழக்குப் போட முடியாது என்பதால் கம்பெனி தப்பித்துவிடும் என்று அர்த்தமில்லை. வேலை இடத்துப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலாகா ஜே.கே.கே.பி. நான்கு நாளுக்கு மேல் வேலைக்குப் போக முடியாத அளவு காயம் பட்டால் முதலாளி அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்கவில்லை என்றால் நீங்கள் புகார் கொடுங்கள். தடுப்பு இல்லாத அந்த மெஷினில் இன்றிரவு இன்னொருவர் நிற்கிறார்.

திங்கட்கிழமை விஷயம். மருத்துவமனை எம்.சி. கையில் இருக்கும்போது அவர் வேலைக்குப் போக வேண்டியதில்லை. வேலையை விட்டதாகவும் ஆகாது. தற்காலிக முடக்க உதவித் தொகை பெறும் காலத்தில் தொழிலாளியை வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று சட்டமே சொல்கிறது. உதவித் தொகைக்கு உடனே மனுப் போடச் சொல்வதற்கு இது இன்னொரு காரணம். வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள்: விபத்து நடந்த தேதி, எம்.சி. முடியும் தேதி, வேலையை விடும் எண்ணம் இல்லை, எம்.சி. முடிந்ததும் வருவேன். நான்கு வரி போதும். எம்.சி.யின் நகலை இணைத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள், கொடுக்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதையும் மீறி நீக்கினால், நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில், தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் மனுக் கொடுக்க வேண்டும். அறுபத்தோராம் நாள் போனால் கதவு மூடியிருக்கும்.

மருத்துவ வாரியத்துக்குப் போகும் நாள் பற்றி ஒன்று. நம் ஆண்கள் பலர் டாக்டர் எதிரில் உட்கார்ந்ததும் "பரவாயில்லை டாக்டர், சமாளிச்சிடுவேன்" என்பார்கள். அந்த ஒரு வாக்கியத்தால் விழுக்காடு குறைந்து நான் பார்த்திருக்கிறேன். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, சோறு பிசைய முடியவில்லை, குளிரில் வெட்டுப்பட்ட நுனி வலிக்கிறது, பேனா பிடிக்க வரவில்லை, இரவில் தூக்கமில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் வீட்டில் பார்ப்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். தற்காலிகத் தொகை கடைசியாகக் கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், நாள் தவறாதீர்கள். மதிப்பீடு குறைவு என்று தோன்றினால் 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவ வாரியத்துக்குப் போகலாம்.

துண்டால் மூடிய கையைப் பற்றி எழுதினீர்களே, அதற்கும் பெர்கேசோவில் வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வேலைக்குத் திரும்பும் திட்டம் என்று 2007 முதல் ஒன்று நடக்கிறது. ஒரு பொறுப்பு அதிகாரியை உங்கள் வீட்டுக்காரருக்கென்று ஒதுக்குவார்கள். கைக்கான பிசியோதெரபி, தேவைப்பட்டால் செயற்கை உறுப்பு, மெலாகாவில் பெர்கேசோவின் மறுவாழ்வு மையத்தில் தங்கிப் பயிற்சி, கம்பெனியோடு பேசி அந்தக் கைக்கேற்ற வேறு வேலை, இவையெல்லாம் அதில் வரும். ஒன்பது வருடம் மெஷின் அறிந்தவர் தரம் பார்க்கும் வேலைக்கும், பொருள் கணக்கு எழுதும் வேலைக்கும், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலைக்கும் தகுதியானவர். உதவித் தொகைக்கு மனுக் கொடுக்கும் அன்றே இந்தத் திட்டத்தில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். சீக்கிரம் பயிற்சி தொடங்கினால் விரல் மூட்டு இறுகிப்போகாது. மனம் விட்டுப் பேச ஆள் வேண்டும் என்பதையும் அந்த அதிகாரியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

முடிந்தால் அவரையும் கூடவே அலுவலகத்துக்கு அழைத்துப் போங்கள். வரமாட்டேன் என்றால் முதல் தடவை நீங்களே போய்க் கேட்டு வாருங்கள். பாரத்தில் அவர் கையெழுத்து வேண்டும். வலது கையால் வராவிட்டால் இடது பெருவிரல் ரேகை வைக்கலாமா என்று முகப்பிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.